முதல் மரத்தை யார் வெட்டுவது?

தோப்புக் கட்டையை விற்றுக் கொடுக்கும் நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஃபீல்டு பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும், ரிட்டயர் ஆன ஒருத்தி எழுதுவது. சிரிக்க வேண்டாம். இருபத்தொன்பது வயதில் என்ன ரிட்டயர் என்றால், வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுவதிலிருந்து ரிட்டயர். இனிமேல் எனக்கு உத்திரமேரூர் ஆபீஸில் ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலி. ஸ்கூட்டர் உங்களில் ஒருவருக்கு வரும். பின்பிரேக் பிடிக்காது, ஹாரன் மட்டும் ஊரைக் கூட்டும்.

மரத்தின் சுற்றளவை எங்கே பிடித்து அளப்பது, எந்தக் கட்டை சாரத்துக்கு, எது சென்ட்ரிங் முட்டுக்கு, எது வெறும் விறகுக்கு என்பதெல்லாம் டிரெயினிங்கில் சொல்வார்கள். கொட்டாவி விடாமல் கேளுங்கள். அங்கே சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். எல்லாரும் உங்கள் மூஞ்சியைப் பார்த்து "நீயே சொல்லு" என்று நிற்பார்கள். அப்போது என்ன செய்வது? எனக்கு அப்படி ஒரு நேரம் மானாம்பதிப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் வந்தது.

முதலில் ஊர். ஏரிக்குக் கீழே நெல். ஏரிக்கு மேலே மேட்டுக் கொல்லை. மேட்டில் ஒரு காலத்தில் வேர்க்கடலைதான். களையெடுக்க ஆள் கிடைக்காமல், காட்டுப்பன்றி தோண்டி, மழை ஏமாற்றி, வெறுத்துப்போய் யாரோ ஒருத்தர் சவுக்கு நட்டார். நட்டுவிட்டால் நாலைந்து வருஷம் எட்டிப் பார்க்க வேண்டாம். அந்தச் சோம்பேறிச் சுகம் பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் பிடித்துப்போனது. அப்படியே கிட்டத்தட்ட மேடு முழுக்கச் சவுக்கு. சென்னையில் மாடிமேல் மாடி ஏறியபோது முட்டுக் கொடுத்தது எங்கள் பக்கத்துக் கட்டைதான் என்று எங்கத்தா, அதாவது அப்பா, பீற்றிக்கொள்வார். அவர் பஜாரில் கட்டைக் கடை வைத்திருக்கிறார். ஆகவே நான் கொஞ்சம் ஓவராகப் பேசினால் அது குடும்ப வியாதி.

நட்டவர்கள் ஒரு கூட்டம் என்றால் வெட்டியவர்கள் இன்னொரு கூட்டம். இருளர் குடும்பங்கள். தோப்பு வெட்டும்போது தோப்புக்குள்ளேயே குடிசை. முடிந்ததும் சட்டி பானையோடு அடுத்த தோப்பு. பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தில் 'அ' எழுதி, இன்னொரு பள்ளிக்கூடத்தில் 'ஆ' எழுதினார்கள். 'இ' வரும்போது மறுபடி மூட்டை கட்டு. மேட்டில் அவர்கள் வெட்டாத தோப்பு இல்லை. சொந்தமாக ஒரு மரம் இல்லை. ரொம்ப காலம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய பிறகு, ஏரிக்கரை ஓரம் வீட்டுமனையும், மேட்டின் கோடியில் கல்லும் கள்ளியுமாகக் கொஞ்சம் நிலமும் கிடைத்தது. நிலம் பெண்கள் பேரில், கூட்டுப் பட்டா. அவர்களும் வேர்க்கடலை போட்டார்கள். பன்றி தின்றது. அவர்களும் சவுக்கு நட்டார்கள். ஊர்ச் சரித்திரம் இரண்டாவது ஷோ ஓடியது, ஹீரோ ஹீரோயின் மட்டும் வேறு.

அந்தக் குடியிருப்புக்குப் பேச ஒருத்தர் என்றால் கன்னியம்மாக்கா. ஐம்பதைத் தொட்ட வயது, வெற்றிலைச் சிவப்பு வாய், எந்த வெட்டு கோஷ்டிக்கும் வெட்டைத் தொடங்கும் முன்கை அவர்தான். அவர்கள் கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். முதல் தோப்பு கட்டையாக நல்லபடி போனால், அதில் போர்வெல். போர்வெல் வந்தால் கொல்லையில் கத்திரியும் வெண்டையும். அதற்கப்புறம் எவர் தோப்பிலும் போய்க் குடிசை போட வேண்டாம். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் 'ஃ' வரைக்கும் போகலாம். இதுதான் கணக்கு. கட்டை என்றால் போர்வெல். விறகு என்றால் மறுபடி சட்டி பானை.

பொங்கல் கழித்து வெட்டுவதாக இருந்தது. நவம்பர் கடைசியில் புயல் என்றார்கள். இரண்டு நாளில் கரையைக் கடக்கும், காற்று பலமாக இருக்கும் என்று டிவிக்காரர்கள் கையை வீசி வீசிச் சொன்னார்கள். நெருக்கி நட்ட சவுக்கு, உயரமும் ஒல்லியும். காற்றில் முறிந்தால் அது முட்டுக்கும் ஆகாது, சாரத்துக்கும் ஆகாது. அடுப்புக்குத்தான். அன்று சாயங்காலமே கன்னியம்மாக்கா போன் போட்டார்.

"பாய் வூட்டுப் பொண்ணே, நாளைக்கே வெட்டிடறோம். லாரிய வர வெச்சிடுவியா?"

"நீங்க வெட்டுங்க, லாரி என் பொறுப்பு" என்று கெத்தாகச் சொன்னேன். லாரி வருவதற்கு வழி இருக்கிறதா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நீங்கள் யோசியுங்கள்.

காலையில் ஸ்கூட்டரில் போய் இறங்கினால், மொத்த ஜனமும் தோப்பு முன்னால் நிற்கிறது. கொடுவாள் தீட்டி ரெடி. முருகேசனின் மெஷின் ரம்பம் பெட்ரோல் குடித்து ரெடி. முருகேசன் கன்னியம்மாக்காவின் கொழுந்தன். ரம்பத்தை விடச் சத்தமாகப் பேசுவான். அவனே சும்மா நின்றான். ஒரு மரம்கூட விழவில்லை.

"இன்னாண்ணே, பெட்ரோல் போட்டுட்டு வேடிக்கை பாக்குறீங்க?"

"எங்கள கேக்காத மேடம். மொதல் வெட்டு ஆவல."

இங்கே ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். தோப்பின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில் நிற்கும் மரம்தான் முதல் மரம். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தோப்புக்காரர்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். அந்த மரம் சாய்ந்தபிறகு, பக்கத்து மரத்தில் வெட்டுக்காரர்களின் முன்கை ஆரம்பிக்கும். வெட்டுகிறவர் முதல் மரத்தைத் தொடவே மாட்டார். எல்லாம் முடிந்த அன்று தோப்புக்காரர் கறிச்சோறு போட வேண்டும். வெட்டியவர்கள் உட்கார்ந்து, "கறி எங்க, எலும்புதான் கீது" என்று அவரைக் கிழிப்பார்கள். அதற்குப் பெயர் தோப்புச் சோறு. அன்றைக்கு மட்டும் முதலாளியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

இப்போது தோப்புக்காரர் யார்? வெட்டுகிறவர் யார்? இரண்டும் இவர்களேதான். அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

"கன்னியம்மாக்கா வெட்டட்டும்" என்றாள் ஒருத்தி.

"நான் ஏன்மே வெட்டணும்? பட்டாவுல உன் பேரும்தான் கீது."

"எனக்குக் கை ராசியில்ல. நான் வெச்ச முருங்கையே பட்டுப்போச்சு."

"எனக்கு மட்டும் ராசி கொட்டிக் கெடக்குதா? நான் வெட்டி, நாளைக்குக் காத்துல ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரும் என் தலையத்தான உருட்டுவீங்க."

"அப்போ முருகேசன் வெட்டட்டும்."

"எனக்குப் பட்டாவுல பேரே இல்லியே! நான் வெறும் வூட்டுக்காரன்" என்று முருகேசன் ரெண்டு கையையும் தூக்கிவிட்டான். பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடி நின்றார்கள். வானம் கிழக்கே அழுக்கு வேட்டி நிறத்தில் இருந்தது.

நான் லாரிக்கு வழி பார்க்கப் போனேன். போனபிறகுதான் தெரிந்தது, இவர்கள் கொல்லைக்கு நேர் வழியே இல்லை. சுற்றுவழி ஏரிக்கரை, அதுவும் ஓர் இடத்தில் உடைந்து கிடக்கிறது. லாரி போக ஒரே இடம் பக்கத்தில் துரைசாமி ஐயாவின் கடலைக் கொல்லைதான். கடலை பிடுங்கிக் காலியாகக் கிடந்தது. ஆனால் நடுவில் ஓர் இடம் ஈரம் கோத்து மெதுமெது என்றிருந்தது.

துரைசாமி ஐயா யார் என்றால், இந்த மேட்டில் பாதித் தோப்பு அவருடையது. கன்னியம்மாக்கா கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அதிகம் வெட்டியது அவர் தோப்பைத்தான். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் ஊரில் எது நடந்தாலும் தான் ஆரம்பித்து வைத்தால்தான் அது நடந்ததாக அர்த்தம் என்று நினைப்பவர். அவர் கைராசி ரொம்பப் பிரபலம். அவர் முதல் வெட்டு வெட்டிய தோப்பு சோடை போனதில்லை என்று இவர்களே சொல்வார்கள்.

அவரே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, இடுப்பில் சொந்தக் கொடுவாள்.

"இன்னாமே கன்னியம்மா, புயல் வந்துக்கினு கீது, இன்னும் மொதல் மரம் சாயல? எனக்குச் சொல்லி அனுப்பறதுக்கு இன்னா? நான் வெட்டி வெக்க மாட்டேனா?"

கூட்டத்தில் பாதிப் பேர் முகத்தில் ஒரு நிம்மதி. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். கன்னியம்மாக்கா வாயில் வெற்றிலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினார்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். நிலைமையைச் சொன்னேன். "அவரே வெட்டட்டும்மா, வழியும் கிடைக்கும், வேலையும் நடக்கும், என்ன பிரச்சினை? இல்லைன்னா திருமுக்கூடல்லேர்ந்து வெட்டுறதுக்கு வேற ஆள் அனுப்பட்டுமா?" என்றார்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சுலபம்தான். நானே இனிமேல் அப்படித்தான் பேசுவேன். அப்போது நீங்கள் கேட்காதீர்கள்.

நான் ஐயாவை ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"ஐயா, லாரி உங்க கொல்லை வழியா போவணும். வுடுவீங்களா?"

"மொதல்ல மொதல் வெட்டு ஆவட்டும். அப்பால பாத்துக்கலாம்."

"மொதல் வெட்டு அவங்களுது. வழி உங்களுது. உங்களுதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க ஐயா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கத்தா உன்ன வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும். அந்த ஆளுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் தொந்தரவு இல்ல" என்றார். சொல்லிவிட்டு வரப்புப் பக்கம் நடந்தார்.

கேளுங்கள், இது முக்கியம். அந்த நிமிஷம் நான் "சரி ஐயா, வெட்டுங்க" என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் மரம் விழ ஆரம்பித்திருக்கும், லாரிக்கு வழியும் வந்திருக்கும். எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்திருக்கும். ஆனால் நான் வழி வாங்குவதற்காக விற்பது அடுத்தவருடைய சாமான். நம் வேலையில் இந்த ஆசை தினமும் வரும். லாரி அவசரம், மழை அவசரம், ஆபீஸ் அவசரம் என்று வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

நான் திரும்பி வந்தபோது கன்னியம்மாக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

"வுடுங்கடி. நானே வெட்றன். எவளாச்சும் அப்பால என் தலைய உருட்டினா, கொடுவா என் கையிலதான் கீதுன்னு ஞாபகம் வெச்சிக்கோங்க."

ஒரே ஆரவாரம். ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். போகவில்லை. மூலை மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினார்கள். நானும் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மரியாதையாக நின்றேன். கன்னியம்மாக்கா கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தார். கற்பூரம் அணைந்தது. கொடுவாளை எடுத்தார், ரெண்டு எட்டு வைத்தார், ஓங்கி ஒரு போடு. சில்லு பறந்தது. அடுத்த போடு. அடுத்தது. சரசரவென்று ஒரு மரம் சாய்ந்தது.

ஒருத்தரும் கத்தவில்லை.

விழுந்தது பக்கத்து மரம். மஞ்சளும் குங்குமமுமாக மூலை மரம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. முப்பது வருஷமாகக் கற்பூரம் அணைந்ததும் அவர் கால் போன இடம் அதுதான். முதல் மரம் எப்போதும் யாரோ ஒருத்தருடையது. அதைத் தாண்டி ரெண்டாவது மரத்துக்குப் போவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. தன் தோப்பிலும் அதைத்தான் செய்துவிட்டார்.

"அக்கா, மொதல் மரம் நிக்குது" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

கன்னியம்மாக்கா மரத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "அய்ய" என்றார். அவ்வளவுதான்.

முருகேசன்கூட ஜோக் அடிக்கவில்லை. "சகுனம்", "ஆவாது" என்று ரெண்டு மூன்று பேர் பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். துரைசாமி ஐயா வரப்பிலிருந்து இறங்கி வந்தார். கை கொடுவாளில்.

"ஒண்ணும் கெட்டுப்போவல. தள்ளுங்க. இப்பவே இந்த மரத்த நான் சாச்சுட்றேன், எல்லாம் சரியாப்பூடும்."

கன்னியம்மாக்கா என் பக்கம் திரும்பினார். அவரோடு எல்லாத் தலையும் திரும்பியது.

"இன்னா பொண்ணே, நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லு. இன்னா பண்ணலாம்?"

இதுதான் நான் முதலில் சொன்ன நேரம். வாயில் பதில் ரெடியாக இருந்தது. எனக்கு எப்போதுமே பதில் ரெடியாக இருக்கும், அதுதான் என் பெரிய பிரச்சினை. அன்றைக்கு மட்டும் எப்படியோ விழுங்கிவிட்டேன்.

"அக்கா, லாரி எப்ப வரும்னு கேளுங்க, சொல்றேன். எந்தக் கட்டை எவ்ளோ போவும்னு கேளுங்க, சொல்றேன். இந்த மரம் உங்களுது. நிக்கணுமா, சாயணுமா? அத நீங்கதான் சொல்லணும்."

கிழக்கிலிருந்து ஈரக்காற்று ஒன்று வந்து தோப்பு முழுக்க 'உய்ய்' என்றது. கன்னியம்மாக்கா அந்த மூலை மரத்தில் கை வைத்து, யாரோ தெரிந்தவர் தோளைத் தட்டுவது மாதிரித் தட்டினார்.

"ஐயா, கொடுவாள இடுப்புல வெச்சிக்கோங்க. இது தோப்புக்காரன் வெட்றதுக்குன்னு வுட்ட மரம். எனக்கு வெட்ட வரல. உங்கள வெட்ட வுடவும் மனசு வரல. நிக்கட்டும். அது பாட்டுக்கு நிக்கட்டும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இன்னாங்கடி மரத்தவிட நெட்டுக்குத்தா நின்னுக்கினு கீறீங்க? மய வர்றதுக்குள்ள தோப்பு காலியாவணும்!" என்றார்.

முருகேசன் ரம்பத்தைக் கிளப்பினான். அதற்கப்புறம் பேச்சே கேட்கவில்லை.

ஐயா வரப்பு ஏறி அவர் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். வழி போச்சு. மரம் மளமளவென்று விழுகிறது, கழிக்கிறார்கள், அடுக்குகிறார்கள். நான் மட்டும் போனை வைத்துக்கொண்டு, உடைந்த ஏரிக்கரையில் மண் கொட்ட டிராக்டர் கிடைக்குமா என்று தென்னேரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லா டிராக்டரும் புயலுக்கு முன் நெல் ஏற்றப் போயிருந்தன. நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை.

மதியம் டிராக்டர் சத்தம் கேட்டது. நான் கூப்பிட்ட டிராக்டர் இல்லை. துரைசாமி ஐயாவே ஓட்டி வருகிறார். பெட்டி நிறைய வைக்கோல். கொல்லை நடுவில் அந்த மெதுமெது இடத்தில் நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வைக்கோலைத் தள்ளித் தள்ளிப் பரப்பினார். மேலே பனமட்டை போட்டார். நான் ஓடிப்போய் நின்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ் ஐயா."

"தேங்க்ஸெல்லாம் உங்கத்தா கடையில வெச்சிக்கோ. லாரி மாட்டிக்கினா என் கொல்லதான் பேஜாராப்பூடும்" என்றார் என்னைப் பார்க்காமல். பிறகு மேட்டுக் கோடியில் தனியாகத் தெரிந்த மூலை மரத்தைப் பார்த்தபடி, "தெரியாமத்தான் தாண்டிப் போனாளா அவ?" என்று கேட்டார்.

"தெரியாமத்தான் ஐயா."

"ம்" என்றார். அடுத்த கட்டு வைக்கோலைப் பிரித்தார்.

லாரி வந்தது, போனது, மறுபடி வந்தது. கடைசி லோடு ஏரிக்கரை திரும்பும்போது தூறல் ஆரம்பித்தது. புயல் வந்தது. மேட்டில் எத்தனையோ தோப்பு படுத்துவிட்டது, ஐயாவுடையதும் ஒன்று. நம் மூலை மரம் சாய்ந்து கொஞ்சம் கோணலாக நிற்கிறது, விழவில்லை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஓரத்து மரம் சின்ன வயதிலிருந்தே காற்று தின்று வளர்ந்தது. உள்ளே நிற்பவைதான் சொகுசுப் பிள்ளைகள். கன்னியம்மாக்கா கோஷ்டியில் இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அந்த மரத்துக்கு ஏற்கெனவே ஒரு மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள்.

போர்வெல் போட்டார்கள். தண்ணீர் வந்தது. அந்த வாரம் அதே கொல்லையில் தோப்புச் சோறு.

இங்கே மறுபடி அதே தகராறு. யார் உட்காருவது, யார் போடுவது? கடைசியில் கன்னியம்மாக்கா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார். எனக்காக ஆட்டை எங்கள் தெரு பாயைக் கூட்டிவந்து அறுக்க வைத்திருந்தார்கள். "உனுக்காகத்தான் மேடம், இல்லாட்டி எங்களுக்கு எலியே போதும்" என்று முருகேசன் என்னை ஓட்டினான். சாப்பாடு ஆரம்பித்தபிறகு துரைசாமி ஐயா வந்தார், கையில் தானே அறுத்த வாழை இலையோடு. யாரும் பேசுவதற்கு முன்னால் வரிசையின் கோடியில் போய் உட்கார்ந்துவிட்டார். கன்னியம்மாக்கா அவர் இலையில் சோறு போட்டு, ரெண்டு கரண்டி கறி ஊற்றினார்.

முருகேசன் வாய் நிறையச் சோற்றோடு, பழக்க தோஷத்தில், ஐயாவைப் பார்த்துக் கத்தினான்:

"இன்னா மொதலாளி, கறியே காணோம்! வெறும் எலும்புதான் கீது!"

ஐயா தலையைத் தூக்கினார். வாயிலிருந்த எலும்பை எடுத்து இலை ஓரம் வைத்தார்.

"என்ன ஏண்டா கேக்கற? தோப்புக்காரர கேளு" என்று கையை நீட்டிக் காட்டினார்.

கன்னியம்மாக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஐயாவின் கை நீண்ட திசையைப் பார்த்தார். பிறகு, தனக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அங்கே அந்தக் கோணல் மரம் மட்டும்தான் நின்றது.

திரும்ப இந்தப் பக்கம் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக முருகேசன் இலைக்குப் போனார்.

"எலும்பா கீதா? துன்னு. தோப்புக்காரி போட்டா அப்படித்தான் இருக்கும்."